மண்ணீரலில் ‘லீஷன்’னு ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லுதா? புற்றுநோயா, இல்லையானு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

கிட்னியில் கல் இருக்கானு பார்க்க எடுத்த ஸ்கேன். ரிப்போர்ட்டின் கடைசியில் எதிர்பார்க்காத ஒரு வரி: ‘மண்ணீரலில் லீஷன்’. கூகுள் பண்ணினால் முதலில் கண்ணில் படுவது புற்றுநோய் என்ற வார்த்தை. ஆனால், வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் எந்த இடத்தையும் டாக்டர்கள் லீஷன் என்றுதான் எழுதுவார்கள்.

என்னவெல்லாம் இருக்கலாம்?

இடது விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் மண்ணீரல், பழைய ரத்த அணுக்களை வடிகட்டும், கிருமிகளை எதிர்க்கும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இங்கே தற்செயலாகத் தெரிபவை பெரும்பாலும் நீர்க்கட்டி, ரத்தக்குழாய் கட்டி போன்ற ஆபத்தில்லாதவைதான். புற்றுநோய் என்றால், லிம்போமாவே அதிகம். மார்பகம், நுரையீரல், சினைப்பை புற்றுநோய்களும் இங்கே பரவலாம்; அப்போது பெரும்பாலும் வேறு உறுப்புகளிலும் பரவியிருக்கும்.

எந்த ஸ்கேன் என்ன சொல்லும்?

* அல்ட்ராசவுண்ட்: உள்ளே இருப்பது நீரா, திசுவா எனப் பிரித்துக் காட்டும்.
* சி.டி.: கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய முதல் அரை நிமிடத்தில், நல்ல மண்ணீரலே வரிக்குதிரை மாதிரி கோடு கோடாகத் தெரியும். அதைக் கட்டி என்று நினைத்துவிடலாம். சுமார் 70 விநாடிகளில் எல்லாம் ஒரே சீராகிவிடும். அதனால் படம் எடுக்கும் நேரம் ரொம்ப முக்கியம்.
* எம்.ஆர்.ஐ.: சி.டி.யில் சந்தேகம் தீராதபோது உதவும்.
* பெட் சி.டி.: குளுக்கோஸை அதிகம் இழுக்கும் செல்கள் ஒளிரும். ஆனால், காசநோயும் இப்படி ஒளிரும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது.

அப்போ முடிவு எப்படி?

படத்தோடு நோயாளியின் கதையையும் சேர்த்துப் பார்க்கணும். காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது என எதுவும் இல்லையா? சில மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே பல நேரங்களில் போதும். சந்தேகம் வலுத்தால், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்தி பயாப்ஸி எடுப்பார்கள். இதில் ரத்தக்கசிவு அபாயம் உண்டு. அதனால் தேவையானவர்களுக்கு மட்டும்.

‘எதுக்கு ரிஸ்க், மண்ணீரலையே எடுத்துடலாமே?’ எனத் தோன்றலாம். எடுத்துவிட்டால், நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தொற்று தீவிரமாகும் அபாயம் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது

பழைய ஸ்கேன் சி.டி.க்களைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடம் அதே அளவில் இருந்தால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.