ஆள் வரவு நின்றது, கூலி ஏறவில்லை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பண்ணைகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1942-ல் மெக்சிகோவுடன் உடன்பாடு செய்து, அங்கிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். 'பிராசெரோ' எனப்பட்ட இவர்களின் வரவு போர் முடிந்தும் நிற்கவில்லை; 1950-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தாண்டியது.

இவர்களால்தான் உள்ளூர்க் கூலி அடிமட்டத்தில் கிடக்கிறது என்றன தொழிற்சங்கங்கள். கென்னடி அரசும் அதையே நம்பியது. 1964 டிசம்பரோடு திட்டம் முடிவுக்கு வந்தது.

கூலி உயர்ந்ததா? பொருளியலாளர்கள் மைக்கேல் கிளெமென்ஸ், ஈத்தன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் மூவரும் பழைய மாநிலவாரிக் கணக்குகளைத் தோண்டியெடுத்து 2018-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பிராசெரோக்கள் நிறைந்திருந்த மாநிலங்களில், அவர்கள் வராத மாநிலங்களைவிடக் கூலி கூடுதலாக ஏறியிருக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்குக் கூடுதல் வேலையும் கிடைக்கவில்லை.

காரணம் கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களில் தெரிந்தது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா பல ஆண்டுகள் பாடுபட்டு, ஒரே சமயத்தில் பழுக்கும், அடிபட்டாலும் நசுங்காத தக்காளி ரகத்தை உருவாக்கியிருந்தார். அதற்கேற்ற அறுவடை இயந்திரம் செடியை அடியோடு வெட்டி, மேலே ஏற்றி, உலுக்கிக் காய்களை உதிர்க்கும். அதன் மீதே நின்றபடி சிலர் பழுதானவற்றைப் பொறுக்கி எறிவார்கள். 1964-ல் பதப்படுத்தும் தக்காளியில் மிகச் சிறு பங்குதான் இப்படி அறுவடையானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. மலிவான ஆள் கிடைத்தவரை பண்ணையாளர்கள் அதைச் சீண்டவில்லை. தகுந்த இயந்திரம் இல்லாத அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெரி, லெட்டூஸ் போன்றவற்றில் விளைச்சலே குறைந்தது. கூலியை உயர்த்துவதைத் தவிர முதலாளிக்கு வேறு வழி இருக்காது என்று திட்டத்தை நிறுத்தியவர்கள் போட்ட கணக்கு இங்கேதான் பிசகியது.

இருந்தாலும் ஒரு கதவு திறந்தது. வேலைநிறுத்தம் நடக்கும் பண்ணையில் பிராசெரோக்களை இறக்கக் கூடாது என்ற விதி அடிக்கடி மீறப்பட்டதால், அதுவரை சங்கங்கள் தலையெடுக்க முடியாமல் இருந்தன. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியாங் தலைமையில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் சேசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். பழமாகவே உண்ணும் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும்; தக்காளியைப் போல ஆளுக்குப் பதில் இயந்திரத்தை இறக்க முடியாது. ஐந்தாண்டுப் போராட்டமும் நாடு தழுவிய திராட்சைப் புறக்கணிப்பும் சேர்ந்து, 1970-ல் பண்ணையாளர்களைச் சங்கத்துடன் கூலி உயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தன.