சுவடிசாலைச் சீட்டும் கணினிச் சீட்டும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே காரியவட்டத்தில், ஓலைச்சுவடிகளைப் பேணிவரும் கேரளப் பல்கலைக்கழகத்தின் கிரந்தசாலையும், 1990இல் தோன்றி இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்று பெயர்பெற்ற டெக்னோபார்க்கும் ஒன்றுக்கொன்று வெகுதூரமின்றி அமைந்திருப்பது எனக்கு எப்போதும் ஆனந்தம் தரும் விஷயம். சுவடிசாலைகளில் பொதுவாக வாசகர் அலமாரியருகே போவதில்லை. வேண்டிய ஏட்டின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வந்து தருவார். தரவுத்தளத்திலும் அவ்வாறே, தகவல்களெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்க, நம் விண்டோஸ் கணினியிலிருந்து சீட்டைக் கொண்டுபோய் விடையைக் கொண்டுவரும் ஊழியனுக்கே கிளையன்ட் என்று பெயர்.

திருவனந்தபுரம், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு 2001இல் தொடங்கப்பெற்ற நகரமாதலால், விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையே உதாரணமாகக் கொள்வோம். நிறுவும்போது எந்தெந்தப் பகுதிகள் வேண்டுமென்று அது கேட்கும். அங்கே நிதானியாமல் ‘நெக்ஸ்ட்’ பொத்தானையே அழுத்திக்கொண்டு போகிறவர், ஊழியனை அழைக்கப் போய்ச் சுவடிசாலை முழுவதையும் தம் வீட்டிலேயே கட்டிவிடுகிறார். சர்வருக்கு எதிரேயுள்ள குறியை நீக்கிவிடுவதே உசிதம். பிறகு சர்வரின் முகவரி, வழக்கமாக 5432 ஆக இருக்கும் போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிர்வாகியிடம் கேட்டறிந்தால் போதும்.

எக்செலிலிருந்து அத்தகவல்களைப் பார்க்க விரும்புவோர், எக்செலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஊழியனாக நிற்கும் ஓடிபிசி டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். பலரும் நாட்கணக்கில் அவஸ்தைப்படுவது இங்கேதான். விண்டோஸ் 64 பிட் வகையாயினும் எக்செல் 32 பிட் வகையானால் டிரைவரும் 32 பிட்டாகவே இருத்தல் அவசியம். 64 பிட் டிரைவர்களை அமைக்கும் கருவி ‘சிஸ்டம்32’ என்னும் கோப்புறையிலும், 32 பிட்டுக்குரியது ‘சிஸ்வாவ்64’ என்பதிலும் இருப்பதால், பெயரை நம்பிப் போகிறவர் நேர்மாறான இடத்தில் தேடுவார். எக்செல் எந்த வகை என்பதை அதன் ‘அபவுட்’ பகுதியில் முதலில் பார்த்துக்கொள்வது சிரமத்தை மிச்சப்படுத்தும்.

அந்த டிரைவரிலும் ஆன்சி, யூனிகோடு என இருவிதம் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வூர்க்காரர் யூனிகோடையே தேர்ந்தெடுக்க வேண்டும். நூற்பெயர்கள் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், சர்வரிலுள்ள மூலம் அழிந்துவிட்டதென்று உடனே அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் கொண்டுவந்த ஊழியனுக்கு அவ்வெழுத்துத் தெரியவில்லை என்றே பொருள். ஆனால் அந்தக் கேள்விக்குறிகளைத் திருப்பிச் சேமித்துவிடலாகாது. சேமித்தால் மூலமும் கேள்விக்குறியாகவே மாறிப்போகும்.