உங்களுக்குத் தெரியுமா? சிவந்த இரும்பைச் சுற்றி ஓடும் தண்ணீர்

மின்தூண்டல் உலையில் இரும்பு செக்கச்செவேலென்று காய்கிறது. அதைச் சுற்றியுள்ள செப்புச் சுருள் மட்டும் உருகுவதில்லை. அது கம்பியல்ல, குழாய். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது! அதனால் பொறி திடீரென நின்றால், மின்பெட்டியைத் திறக்குமுன் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள்.

• இலங்கையின் இரத்மலானையிலுள்ள தொழிற்சாலைகளுக்கு வருவது 400 வோல்ற்று மும்முனை மின்சாரம். நேரோட்டமாக மாறும்போது அது ஏறத்தாழ 540 வோல்ற்று. சுவிட்சை நிறுத்திய பின்னும் அது கப்பாசிற்றர்களில் தங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். மின்தடை வழியே வடித்து, மீற்றரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரம் என்று எவர் சொன்னாலும் இதை விடாதீர்கள்.

• சுமார் 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தன்மையை இழக்கும். உடனே சுருளின் ஒத்ததிர்வு அதிர்வெண் மாறும். பொறி அதைப் பின்தொடரத் தவறினால் மின்னோட்டம் எகிறி, ஐஜிபிரி எனும் மின்வலுத் திரான்சிஸ்டர்கள் வெடிக்கலாம். குளிர்ந்த இரும்பில் ஒழுங்காக ஓடி, சிவக்கும் வேளையில் மட்டும் நிற்கிறதா? கட்டுப்பாட்டுப் பலகையில் தேடுங்கள்.

• கருகிய ஐஜிபிரியை மாற்றியதும் முழு மின்சாரம் கொடுத்தால் புதியதும் போய்விடலாம். கைதேர்ந்தவர்கள் முதலில் தொடரில் மின்குமிழ்களை இணைத்துப் பார்ப்பார்கள். குமிழ் பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால், ஷோர்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

• இரத்மலானை கடலோரம். உப்புக் காற்றும் ஈரமும் பலகையில் படிந்தால், கண்ணுக்குத் தெரியாமலே மின்சாரம் கசியும்.