வேடமும் வினையும்

கூத்து மேடையில் அரச வேடம் பூண்டவன் முடியும் செங்கோலும் தாங்கி வருகின்றான். காண்போர் அவனை அரசனென்றே கொள்கின்றனர். எனினும், அவன் இடும் ஆணை மேடைக்கு அப்பால் செல்லாது. வேடம் வேறு, வினை வேறு. கணினி உலகிற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கணினியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக், பலர் கூடி வளர்த்த லினக்ஸ் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. ஒன்றன் தோற்றத்தையும், அதற்கென எழுதிய மென்பொருளையும் மற்றொன்றில் கொணர முயல்வது நெடுநாளைய வழக்கம்.

முதலில் தோற்றத்தைக் காண்போம். திரையில் விரியும் சாளரங்களும், அவற்றைச் சுட்டெலியால் ஆளும் முறையும் கலிபோர்னியாவில் ஸெராக்ஸ் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தின் ஆல்ட்டோ கணினியில் 1970களில் உருப்பெற்றன. 1979இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அவ்வாய்வுக்கூடத்துக்குச் சென்று அவற்றைக் கண்டார். 1984இல் ஆப்பிளின் மெக்கிண்டாஷ் வெளிவந்தது. 1985இல் விண்டோஸ் தோன்றியது. தன் திரைத் தோற்றம் களவாடப்பட்டதென 1988இல் ஆப்பிள் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. ஒற்றுமைகளென அது காட்டியவை 189. அவற்றுள் 179 கூறுகளுக்கு 1985ஆம் ஆண்டின் ஒப்பந்தமே இடமளித்ததென நீதிமன்றம் கண்டது. எஞ்சியவற்றாலும் வழக்கு நிலைக்கவில்லை. 1994இல் மேல்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. எண்ணம் எவர்க்கும் தனியுடைமை அன்று. அதனை வெளியிடும் தனிவடிவத்துக்கே பதிப்புரிமை உண்டு என்பது இதன் சாரம்.

இனி வினை. லினக்சின் திரையை விண்டோஸ் போல ஒப்பனை செய்தல் எளிது. ஆனால், விண்டோசுக்கென எழுதிய நிரல் அவ்வொப்பனையால் மட்டும் அங்கு இயங்கிவிடாது. காரணம் யாது? கோப்பைத் திறப்பது, திரையில் எழுத்தைக் காட்டுவது போன்ற பணிகளை நிரல் தானே செய்வதில்லை; இயங்குதளத்திடம் வேண்டிப் பெறுகின்றது. அவ்வேண்டுகோளின் பெயரும் முறையும் தளத்துக்குத் தளம் மாறும்.

இத்தடையை நீக்க 1993இல் தொடங்கிய முயற்சியே ‘வைன்’ என்னும் மென்பொருள். தமிழறியாத துரையின் ஆணையைக் கிராணியார் தொழிலாளர்க்குத் தமிழில் எடுத்துரைத்தது போல, விண்டோஸ் முறையில் வரும் வேண்டுகோளை வைன் ஏற்று, லினக்ஸ் அறிந்த முறையில் நிறைவேற்றித் தருகின்றது. விண்டோசின் மூலநிரலைப் பாராமல், அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சோதித்தறிந்தே இதனை எழுதினர். ஆகவே, முதற் பதிப்பென 1.0 வெளிவரப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அது 2008இல் வந்தது. வைனை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018இல் ‘புரோட்டான்’ என்பதை வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டுகள் பல இன்று லினக்சில் இயங்குவது அதனாலேயே.

தளம் மட்டுமன்றி நுண்செயலியும் வேறாயின் வேலை இன்னும் கடிது. அப்போது வேண்டுகோளை மட்டுமன்று, நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் புதிய செயலியின் மொழிக்கு மாற்றல் வேண்டும். ஆப்பிள் 2020இல் இன்டெல் செயலியை விட்டுத் தன் சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கியபோது, பழைய நிரல்கள் பயன்படுதற்பொருட்டு ‘ரொசெட்டா 2’ என்னும் மாற்றியை அமைத்தது.

இம்முயற்சிகளை வெறும் போலி என இகழ்தல் தகாது. ஒருவர் பல்லாண்டு தொகுத்த சொற்பட்டியல் பழைய நிரலொன்றில் மட்டுமே திறக்குமாயின், அந்நிரல் இயங்கும் தளம் மறையும் நாளில் அவர் உழைப்பும் உடன் மறையும். வேற்றுத் தளத்தில் அந்நிரலை இயக்கவல்ல வழி இருப்பின், அவ்வுழைப்பு பிழைக்கும். ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் நிலையும் நீங்கும்.

மாணவர்க்குக் கணினி கற்பிக்கும் ஆசிரியர், ‘இப்படத்தை அழுத்து’ என்பதோடு நில்லாது, அழுத்தியபின் உள்ளே நிகழ்வதையும் விளக்குதல் நன்று. வேடத்தை மட்டும் கற்றவன் வேடம் மாறினால் திகைப்பான். வினையை அறிந்தவன் எம்மேடையிலும் தடுமாறான்.