சீனப் பேரரசர்களும் குச்சின் இசையும்

மாணவர்களே! வரலாற்றைக் கற்கும்போது ஐதீகத்தையும் சான்றையும் பிரித்தறிதல் அவசியமாகும். சீனாவின் 'குச்சின்' இசைக்கருவி இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

1. குச்சின் என்பது யாது?
இது நீண்ட மரப்பெட்டி வடிவிலான தந்தி இசைக்கருவி. இதற்கு ஏழு தந்திகள் உண்டு. முற்காலத்தில் அவை பட்டு நூலால் செய்யப்பட்டன. வலக்கையால் தந்தியை மீட்டி, இடக்கையால் அழுத்தி அல்லது மெல்லத் தொட்டு இசைப்பர். தொட வேண்டிய இடங்களை 13 புள்ளிகள் காட்டுகின்றன.

2. ஐதீகம் கூறுவது
ஆதிகாலப் பேரரசர் ஷுன் ஐந்து தந்திகள் கொண்ட குச்சினை மீட்டித் தென்றற் காற்றைப் பாடினார் என்றும், அவரது ஆட்சியில் நாடு செழித்தது என்றும் பழைய சீன நூல்கள் கூறுகின்றன. பின்னர் சௌ வம்சத்து வென், வூ ஆகிய மன்னர்கள் ஒவ்வொரு தந்தியைச் சேர்த்ததால் அது ஏழாயிற்று என்பர். நல்லிசை நல்லாட்சியின் அடையாளம் என்ற நம்பிக்கையே இக்கதைகளின் கருத்தாகும்.

3. சான்று கூறுவது
ஷுன் வாழ்ந்தமைக்குத் தொல்பொருட் சான்று கிடைக்கவில்லை. ஆனால் 1978இல் ஹூபெய் மாகாணத்தில் அகழப்பட்ட, ஏறத்தாழ கி.மு. 433ஆம் ஆண்டுக்குரிய கல்லறையில் பத்துத் தந்திக் குச்சின் ஒன்று கிடைத்தது. எனவே தந்திகளின் எண்ணிக்கை கதையில் உள்ளவாறு சீராக வளரவில்லை என்பது புலனாகிறது.

4. பேரரசர் ஹுயிட்சோங்
கி.பி. 1100இல் அரியணை ஏறிய சொங் வம்சப் பேரரசர் இவர். ஓவியரான இவர் சிறந்த குச்சின்களைச் சேகரித்தார். 'குச்சின் கேட்டல்' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தில் மீட்டுபவர் இவரே எனக் கருதப்படுகிறது. எனினும் 1127இல் ஜின் படையினர் இவரைச் சிறைப்பிடித்தனர். 1135இல் சிறையிலேயே இறந்தார்.

மாதிரி வினா: "இசையில் மூழ்கியதாலேயே ஹுயிட்சோங் வீழ்ந்தார்." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு: இக்கூற்று முழுமையானதன்று. லியாவ் அரசை வீழ்த்த சொங் அரசு ஜின்னுடன் கூட்டுச் சேர்ந்தது. 1125இல் லியாவ் அழிந்ததும் ஜின் படை சொங்கையே தாக்கியது. சொங்கின் படைபலக் குறைவும் காரணமாயிற்று. ஷுன் இசையால் நாட்டை வாழவைத்தார் என்பது போலவே, ஹுயிட்சோங் இசையால் நாட்டை இழந்தார் என்பதும் நீதி கூறும் கதையே. காரணங்களைக் காட்டி எழுதினாலே விடை நிறைவுபெறும்.

நினைவிற் கொள்க: குச்சின் இசையை 2003இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருமரபாகப் பிரகடனம் செய்தது.