கம்பளிக் காலுறைக்குள் மறையும் வீக்கம்

வெலிங்டனின் குளிர்காலக் காலைகளில் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கவே எவருக்கும் தோன்றும். தாகம் தெரியாததால் தண்ணீர் அருந்துவதும் குறைகிறது. மனநோய்க்கு மருந்து உட்கொள்வோர் இவ்விரண்டிலும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், குளோசபின் முதலிய மருந்துகள் மனச்சிதைவு நோயைக் கட்டுப்படுத்துகின்றன. ஆயினும், இவற்றை உட்கொள்வோரில் சிலருக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். மருந்து தரும் அயர்வால் நடமாட்டம் குறைவதும் உடல் எடை கூடுவதும் இதற்கான காரணங்களுள் அடங்கும்.

2010-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்து உட்கொள்வோருக்கு உறைகட்டி வாய்ப்பு 32 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மருந்தைப் புதிதாகத் தொடங்கிய முதல் 3 மாதங்களில் அது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. எனினும் அச்சம் வேண்டா. 10,000 பேர் ஓராண்டு மருந்து உட்கொண்டால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் சுமார் 4 பேரே. 65 வயதைக் கடந்தோரில் சுமார் 10 பேர்.

நோயுற்றவர் தம் வலியை எடுத்துரைக்காமல் இருக்கலாம். கம்பளிக் காலுறையும் வீக்கத்தை மறைத்துவிடும். ஆகவே, உடன் இருப்பவர் நாள்தோறும் காலுறையை மாற்றும்போது இரு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்கால் வலி, சூடு, நிறமாற்றம் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அக்காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள்; கட்டி பெயரக்கூடும்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கையில் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றை "மேடேறிய களைப்பு" என்று தள்ளிவிடாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

நாள்தோறும் நடப்பதும் போதிய நீர் அருந்துவதும் நன்று. கோவைக்கோ சென்னைக்கோ நெடும்பயணம் செல்கையில் கணுக்கால்களை அசைத்து, வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி நடக்கச் செய்யுங்கள். முன்பு உறைகட்டி வந்திருந்தாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தாலோ, கருத்தடை மாத்திரை உட்கொண்டாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இதைப் படித்துவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும். மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். கால்களையும் தவறாமல் பாருங்கள்.