உப்பு வளர்த்த ஊர்கள்

தமிழகக் கடலோர ஊரான மரக்காணத்து உப்பளப் பாத்தியில் வெயில் ஏறியதும், நின்ற உவர்நீரின் மேல் மெல்லிய வெண்படலம் மிதக்கத் தொடங்கும். படலம் கனத்து உடைந்து அடியில் படியும். அதை நீண்ட பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே சோற்றுப்பு விளையும். சுண்ணாம்புச் சத்துடைய ஜிப்சம் அதற்கு முன்பே பிரிந்துவிடும். முற்றும் வற்றவிட்டாலோ மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கைக்கும். எனவே எஞ்சிய கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிடுவதே தொழிலின் நுட்பம். எரிபொருள் வேண்டாத தொழில் இது. வடகிழக்குப் பருவமழை வரும்வரை கதிரவனே உழைக்கிறான்.

ஐரோப்பாவின் வடபகுதிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. செருமானிய நாட்டு லூனெபர்க்கில் நிலத்தடி உவர்நீரை இறைத்து, விறகெரித்துக் காய்ச்சினர். பால்டிக் கடலோர மீனவர்க்கு ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த அவ்வுப்பு இன்றியமையாததாயிற்று. 1226இல் புனித உரோமப் பேரரசின் தன்னுரிமை நகரான லூபெக், உப்பையும் மீனையும் கைமாற்றிச் செழித்தது. 1398இல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் நிறைவுற்றதும், உப்புப் படகுகள் எல்பா ஆற்றிலிருந்து நேரே அந்நகரை அடைந்தன. இடைக்கால நகரங்களின் வளர்ச்சிக்குப் பட்டையும் மிளகும் காரணமெனப் பலர் எழுதுவர். ஆனால், உப்பைப் போல நாள்தோறும் வேண்டப்படும் மலிவான சுமைப்பண்டமே வழிகளை ஓயாது இயங்க வைத்தது என்பேன்.

நம் கரையிலும் இதற்குச் சான்றுண்டு. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர். உப்பு வணிகரான உமணர் எருது பூட்டிய வண்டிகளில் உப்பேற்றி, உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. சோழர் காலத்தில் ‘நகரம்’ எனப்பட்ட வணிகர் அவை தன் ஊரைத் தானே ஆண்டது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக்குழு கடல் கடந்து சுமத்திரா வரை சென்றது. அங்கே பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தமிழகத்துப் பிரான்மலைக் கல்வெட்டில் வணிகர் கோயிலுக்கெனத் தீர்வை விதித்துக்கொண்ட பண்டங்களுள் உப்பும் ஒன்று.

அப்படியாயின் மரக்காணம் ஏன் லூபெக் ஆகவில்லை? லூனெபர்க்கின் ஊற்று ஓரிடத்தது. அதையும் வழியையும் பிடித்தவர் வணிகத்தையே பிடித்தார். இங்கோ வெயிலும் உவர்நிலமும் கரையெங்கும் பரந்தவை. ஓரிடத்தில் விலையேறினால் உமணன் அடுத்த அளத்துக்கு வண்டியைத் திருப்புவான். ஆதலால் ஒரே துறைமுகத்தில் செல்வம் குவியாது, உள்நாட்டுச் சிற்றூர்ச் சந்தைகள் பலவற்றுக்கும் பரவியது என்றே கருதுகிறேன். அதை இழப்பாக நான் எண்ணவில்லை.

அந்தப் பரவலை முறித்தது ஆட்சியதிகாரம். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. அந்த நூற்றாண்டிலேயே பக்கிங்காம் கால்வாய் ஆந்திரக் கரையின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை கட்டங்கட்டமாக நீண்டது. 1876–78 பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாகவும் வெட்டப்பட்டது. உப்பும் விறகும் அவ்வழியே படகில் சென்னைக்குப் போயின. இருப்புப் பாதையும் சாலையும் அப்படகுகளின் வேலையைப் பறித்தன. இன்று மரக்காணத்து உப்பு லாரிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையேறிச் செல்கிறது.